ஆடிட்டர் சாப்பிடவில்லை

தவளைக்குச் சோறு ஊட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஊட்டியிருக்கிறேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், இந்தக் கட்டுரையின் கடைசிப் பாராவுக்குள் நான் கொஞ்சம் நல்ல மனிதனாகத் தெரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. வரவு, செலவு இரண்டு பக்கமும் எழுதினால்தானே அது கணக்கு?

தவளைக்கும் எனக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது. பயம் மட்டும் உண்டு. 'பயாலஜி எடுத்தா தவளையை அறுக்கணும்டா' என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சீனியர் கிளப்பிவிட்டதில் மிரண்டுபோய், தேர்டு குரூப் எடுத்து, அப்படியே பி.காம். வரை போனவன் நான். தவளையைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த ஒரே தகவலும் வியாபாரத் தகவல்தான். ஒரு காலத்தில் நம் நாடு தவளைக்காலை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி பார்த்தது. வயலில் பூச்சி பிடிக்க ஆளில்லாமல் போகிறதே என்ற கவலை எழுந்து, 1987-ல் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதோடு என் தவளை அறிவு முற்றிற்று.

அப்படிப்பட்டவன் வீட்டுக்குத் தவளை வந்தது, போன வருஷம் ஐப்பசியில்.

எங்கள் வீடு சென்னையின் தெற்கே, ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில் இருக்கிறது. பெரிய மழை பெய்தால் ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடும். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று உண்டு. ஒருநாள் காலை அதன் உள்பக்கச் சுவரில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, யாரோ ஷேவிங் க்ரீமை அப்பி வைத்தது போல ஒரு நுரைப் பந்து. என் மனைவி துடைப்பத்தோடு வந்துவிட்டார். எட்டாவது படிக்கும் மகன் குறுக்கே நின்றான்.

"அம்மா, தொடாதே. அது முட்டை."

மரத்தவளையின் கூடு. ராத்திரியில் பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்து, லைட்டைப் போட்டதும் என்னை அலற வைக்குமே, அதே ஆசாமிதான். தன் உடம்பிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்கால்களால் தயிர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள் தாய்க்காரி. உள்ளே முட்டை காயாமல் ஈரமாக இருக்கும். நாலைந்து நாளில் நுரை தளர்ந்ததும், தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக நேரே கீழே இருக்கும் தண்ணீரில் விழுகின்றன. இடம் பார்த்துக் கட்டியிருக்கிறாள் பாருங்கள். எங்கள் ஏரியாவில் பிளாட் வாங்கிய நாங்கள் யாரும் தண்ணீரைப் பற்றி இவ்வளவு யோசிக்கவில்லை.

மகன் இரண்டே இரண்டு தலைப்பிரட்டைகளைப் பழைய மீன்தொட்டிக்குக் கொண்டுவந்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் குளோரின் அதுகளைக் கொன்றுவிடும் என்று வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்து ஊற்றினான். வேகவைத்த கீரையைக் கிள்ளிப் போட்டான். எங்கள் வீட்டில் கீரையை முகம் சுளிக்காமல் சாப்பிட்ட முதல் பிள்ளைகள் அவைதான்.

ஒன்றுக்கு 'ஆடிட்டர்' என்று பெயர் வைத்தான். இன்னொன்று 'கேஷியர்'. சி.ஏ. இன்டர் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்ட அப்பாவுக்கு மகன் செய்த மரியாதை!

அந்தப் பெயர் வைத்த நாளில் அவன் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஏனென்றால் அப்போதெல்லாம் அவன் சிரிப்பது அபூர்வமாகிவிட்டது. ஜூன் மாதம் வரை லொடலொடவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை. பதின்மூன்று வயசு ஆனதும் வாயை யாரோ பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனது போல ஆகிவிட்டான். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் ஆரம்பிப்பேன்.

"ஸ்கூல் எப்படிடா இருந்துச்சு?"

"ம்."

"மேத்ஸ் பேப்பர் குடுத்துட்டாங்களா?"

"தெரியல."

"ஏன்டா ஒரு மாதிரி இருக்கே?"

"சும்மா."

மொத்தம் மூன்று சொற்கள். பத்திரிகைக்காரனாக எத்தனையோ பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். வாயே திறக்காத அரசியல்வாதிகள் எல்லாம் என்னிடம் பேசியிருக்கிறார்கள். சொந்த வீட்டில் ஒரு பேட்டி தேறவில்லை. பதில் வரவில்லையென்றால் நான் என்ன செய்வேன்? இன்னும் நாலு கேள்வி சேர்த்துக் கேட்பேன்.

நிற்க. தொட்டிக்கு வருவோம்.

நவம்பரில் பின்னங்கால்கள் வந்தன. டிசம்பர் தொடக்கத்தில், அரையாண்டுத் தேர்வு நெருங்கும் சமயம், முன்னங்கால்களும் வந்துவிட்டன. நாலு காலும் ஒரு நீள வாலுமாக இரண்டும் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து கீரையை மோந்துகூடப் பார்க்கவில்லை. முதல் நாள் போகட்டும் என்று விட்டோம். இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே படியளக்கிறவன், இதுகளுக்கு அளக்கமாட்டானா? பேசாம இருடா" என்றார் என் அம்மா. நியாயம்தான். ஆனால் சின்ன வயசில் ஒரு கவளம் குறைந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை என் பின்னால் ஓடிவந்தவரும் இதே அம்மாதான். எனக்குள் இருந்தது அந்த ரத்தம்.

மகன் டியூஷன் போயிருந்த நேரம் பார்த்து, கேஷியரைக் கையில் எடுத்தேன். கட்டைவிரல் நகம் அளவுதான் உடம்பு. பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் வாயைத் திறந்து, ஒரு சோற்றுப் பருக்கையில் பாதியைக் கிள்ளி உள்ளே தள்ளினேன். தள்ளிவிட்டு, ஒரு ஜீவனுக்குப் பசியாற்றிய திருப்தியோடு கையைக் கழுவிக்கொண்டு செய்தி பார்க்கப் போய்விட்டேன்.

காலையில் கேஷியர் மல்லாந்து கிடந்தது. வால் இன்னும் பாதி இருந்தது.

மகன் ரொம்ப நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பாமலேயே கேட்டான்.

"யாராவது இதைக் கையில எடுத்தீங்களாப்பா?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"தெரியலடா."

அவனுடைய மூன்று சொற்களில் ஒன்று. அவன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நான் சொன்னபோது எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

அன்று சாயங்காலம், விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம்.

"தம்பி, அடுக்களையை இடிச்சுக் கட்டிக்கிட்டிருக்கிற வீட்ல போயி பந்தி போட்டிருக்கீங்களே" என்றார்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். கேட்டபோது என் கையிலிருந்த போன் கனத்தது.

தலைப்பிரட்டை ஏறக்குறைய சைவம். பாசி, இலை தழையைச் சுரண்டித் தின்பதற்குத் தோதாகச் சின்ன அலகும், சீப்பு போல வரிசை வரிசையாக நுண்ணிய பற்களும் அதற்கு உண்டு. தழை செரிக்க வேண்டுமே, அதனால் குடல் கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்டு சுருண்டு ரொம்ப நீளம். தவளையோ முழு அசைவம். பூச்சிதான் சாப்பாடு. சைவம் அசைவமாக மாறுகிற அந்தச் சில நாட்களில், பழைய அலகும் பற்களும் உதிர்ந்துவிடும். வாய் அகலமாகும். நீளக் குடல் சுருங்கிக் குட்டையாகும். செவுள் போய் நுரையீரல் வேலைக்கு வரும். அந்த நேரம் அதற்குச் சாப்பிடவே வழியில்லை. சாப்பிட வைத்தாலும் செரிக்க இடமில்லை.

"அப்ப எதை வெச்சு ஸார் உயிரோட இருக்கு?"

"வாலை வெச்சுத்தான். உடம்பே வாலைக் கரைச்சு எடுத்துக்கும்."

"அதாவது, சேர்த்து வெச்ச பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு பண்ணுது."

"அப்படியே வெச்சுக்குங்க. வால் முழுசா கரையற வரைக்கும் சாப்பாடு வேணாம். தண்ணியைக் குறைச்சு, ஏறி உட்கார ஒரு கல்லைப் போடுங்க. நுரையீரல்ல மூச்சு விட ஆரம்பிச்ச பிறகு ஏற இடம் இல்லைன்னா, தவளைகூடத் தண்ணியில மூழ்கிச் செத்துடும். வேறெதுவும் செய்யாதீங்க."

இன்னொன்றும் சொன்னார். 1912-ல் குடர்நாட்ஷ் என்ற ஆராய்ச்சியாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்துப் பார்த்தார். அவை அவசர அவசரமாகக் கால் முளைத்து, வால் சுருங்கி மாற ஆரம்பித்துவிட்டன. வளர வேண்டிய காலத்தில் வளராமல் மாறியதால், அவை இயல்பான தவளைகளைவிட மிகச் சின்னவையாக இருந்தன. உருமாற்றத்தில் தைராய்டின் பங்கை உலகம் புரிந்துகொள்ள ஆரம்பித்தது அதிலிருந்துதான். பெரியவர் இதைச் சொன்னபோது, எட்டாம் வகுப்பிலேயே என்ட்ரன்ஸ் பரீட்சைக்குத் தயார் செய்யும் ஒரு கோச்சிங் சென்டரின் நோட்டீஸ் என் பையில் இருந்தது. யாரோ கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல ஆசை. நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

அன்று ராத்திரி மகனிடம் போனேன். "டேய், கேஷியரை எடுத்தது நான்தான்டா. சோறு ஊட்டினேன்" என்றேன்.

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "தெரியும்ப்பா. சோத்துப் பருக்கை தண்ணியில கெடந்துச்சு."

அதாவது, காலையில் என்னிடம் கேட்டபோதே அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டிருக்கிறான். நானும் பதில் சொல்லியிருக்கிறேன். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது சொல்லுங்கள்?

பெரியவர் சொன்னபடி ஆடிட்டருக்கு ஒரு கல்லும், மேலே ஏற ஒரு காய்ந்த குச்சியும் வைத்தோம். தொட்டியைக் கொசுவலைத் துணியால் மூடினோம். நாலு நாளில் வால் சுண்டி, ஒரு புள்ளியாகி, அதுவும் காணாமல் போனது. விரல் நுனிகளில் குட்டி வட்டில்களோடு ஒரு முழுத் தவளை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது சாப்பிட வேண்டும்.

கொசு பேட்டால் அடித்த கொசுக்களைப் பொறுக்கி அதன் மூக்குக்கு முன்னாலேயே வைத்தேன். ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆடிட்டர் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது புரிந்தது. எதைக் காட்டினாலும் முகத்தில் ஒரு சலனம் இருக்காது.

மறுபடி போன். பெரியவர் சிரித்தார். 1959-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லெட்வின் என்பவரும் மூன்று சகாக்களும் தவளையின் கண் அதன் மூளைக்கு என்ன சேதி அனுப்புகிறது என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரை ரொம்பப் பிரசித்தமாம். தவளையைச் சுற்றி எவ்வளவு சாப்பாடு குவிந்திருந்தாலும், அது அசையாவிட்டால் தவளை பட்டினி கிடந்தே செத்துப்போகும். சின்னதாக ஏதாவது நகர்ந்தால்தான் அதன் கண்ணில் அது சாப்பாடு. செத்த கொசு நமக்குக் கொசு. ஆடிட்டருக்கு அது தரையின் ஒரு பாகம்.

நான் கொடுக்க நினைத்ததை அல்ல, அது பார்க்கக்கூடியதைத்தான் கொடுக்க முடியும். இதைக் கண்டுபிடித்ததும் வழி சொன்னதும் மகன்தான். ஒரு வாழைப்பழத் தோலைக் கிண்ணத்தில் போட்டு மாடியில் வைத்தான். இரண்டு நாளில் பழத்தை மொய்க்கும் குட்டி ஈக்கள் கூட்டமாக வந்தன. கிண்ணத்தைத் துணி போட்டு மூடி அப்படியே தொட்டிக்குள் இறக்கித் திறந்துவிட்டான்.

"லைட்டை அணைச்சிட்டு பேசாம உக்காருங்கப்பா. இது ராத்திரி ஆளு" என்றான்.

ஹாலிலிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். நான் கடைசியாக எப்போது இருபது நிமிஷம் எதுவும் பேசாமல், எதையும் தடவாமல் உட்கார்ந்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

ஓர் ஈ குச்சியின் மேல் நடந்தது. ஆடிட்டர் தலையை ஒரு நூல் அளவு திருப்பியது. அடுத்தது எனக்குத் தெரியவில்லை. ஈ இல்லை. அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தேன். ஆடிட்டர் கண்ணை இறுக மூடியது. துருத்திக்கொண்டிருந்த இரண்டு கண்களும் தலைக்குள் அமுங்கி மறுபடி மேலே வந்தன. தவளை விழுங்கும்போது கண்விழிகள் உள்ளே இறங்கி, இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. 'கண்ணாலேயே விழுங்கிடுவான் போல' என்று நாம் சும்மா சொல்வோம். அது நிஜமாகவே செய்கிறது.

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததை அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

தினமும் ராத்திரி அரைமணி நேரம் எங்களுக்கு இதுவே வேலையாயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக ஆடிட்டரைப் படிக்கக் கற்றுக்கொண்டோம். பகலில் கைகால்களை மடக்கி வைத்து, கூழாங்கல் போல மணிக்கணக்கில் கிடந்தால் அது சீக்கு அல்ல. உடம்பின் ஈரம் போகாமல் காப்பாற்றிக்கொள்கிறது. அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தில் உட்கார்ந்து வயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. அப்படி உறிஞ்சுகிற தோல் நம் கையின் சோப்பையும் உப்பையும்கூட விட்டுவைக்காது. அதனால் ஆசைக்காகத் தொடக் கூடாது. ஒருநாள் அது முதுகை வளைத்து, வாயைப் பிளந்து பிளந்து மூடி, கைகளால் தலையை வழித்துக்கொண்டிருந்தது. "செத்துடுமாப்பா?" என்று மகன் பதறினான். நான் பல்குத்தும் குச்சியைத் தேடவில்லை. போன்தான் செய்தேன். தோலுரிக்கிறதாம். பழைய தோலை அப்படியே வாய்க்குள் இழுத்து விழுங்கிவிட்டு, பளபளவென்று உட்கார்ந்தது. எதையும் வீணாக்காத ஆசாமி.

ஒரு ராத்திரி தொட்டியைப் பார்த்துக்கொண்டே மகன் திடீரென்று சொன்னான்.

"ஜூன்லேர்ந்து லஞ்ச் டைம்ல நான் தனியாத்தான்ப்பா உட்கார்றேன்."

அவனோடு எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பையன், அவன் அப்பாவுக்கு மாற்றல் ஆகி ஊரைவிட்டுப் போய்விட்டான். மற்றவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே செட் இருக்கிறது. அந்தப் பையன் போனது எனக்குத் தெரியும். வழியனுப்பக்கூடப் போயிருந்தேன். 'போனா என்ன, வேற ஃப்ரெண்ட் கிடைப்பான்' என்று சொல்லிவிட்டு, மேத்ஸ் பேப்பரைப் பற்றி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆறுதல், அறிவுரை, என் சின்ன வயசுக் கதை ஒன்று என எல்லாம் தொண்டை வரை வந்தன. சொல்லவில்லை. "ம்" என்றேன். அவனுடைய சொல்தான். அவன் மேலும் பேசினான். அன்று ஆடிட்டர் மூன்று ஈ சாப்பிடும் வரை பேசினான்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த நாள் 'ஸ்கூல் எப்படி?' என்றதற்கு 'ம்' என்றுதான் பதில் வந்தது. ஆனால் அந்த 'ம்'முக்குப் பின்னால் நான் இப்போது கேள்விகளை அடுக்குவதில்லை.

ஜனவரி பிறந்ததும் ஆடிட்டர் ராத்திரியெல்லாம் தாவித் தாவிக் கண்ணாடியில் முட்ட ஆரம்பித்தது. மூக்கு நுனி சிவந்தது. இதற்கு யாருக்கும் போன் செய்யத் தேவைப்படவில்லை. மகனுக்கே தெரிந்திருந்தது. நம் ஊர்க் காட்டுயிர்களை எடுத்து வீட்டில் வளர்ப்பதற்கு 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் உண்டு என்றும், எடுத்த இடத்திலேயே விட வேண்டும், வேறு குளம் குட்டையில் கொண்டுபோய் விட்டால் நோயும் கூடப் போகும் என்றும் பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். எங்களைப் பார்த்து நீங்கள் யாரும் தவளை வளர்க்கக் கிளம்பிவிடாதீர்கள் என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, இருட்டிய பிறகு, தொட்டியை மாடிக்குக் கொண்டுபோய் டிரம்முக்குப் பக்கத்தில் செடித் தொட்டிகளுக்கு நடுவே சாய்த்து வைத்தோம். ஆடிட்டர் உடனே போகவில்லை. என் கை பரபரத்தது. லேசாகத் தட்டிவிட்டால் போய்விடுமே! மகன் என்னைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கால் மணி நேரம் கழித்து அதுவாக ஏறி, விளிம்பில் நின்று, ஒரே தாவில் இருட்டுக்குள் போய்விட்டது.

இந்த வருஷம் ஆவணியில் ஒரு ராத்திரி நல்ல மழை. மாடியில் 'டக்... டக்... டக்' என்று யாரோ விரல் மடக்கிக் கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். நான் எழுந்து உட்கார்ந்தேன். மகனும் அவன் அறையிலிருந்து வந்துவிட்டான்.

"டேய், ஆடிட்டரா இருக்குமோ? வா, டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்ப்போம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றான்.

"வேணாம்ப்பா. வெளிச்சம் பட்டா நிறுத்திடும்" என்றான். "இங்கேயே உக்காந்து கேப்போம்."

உட்கார்ந்தோம்.